செவ்வாயின் காற்றை ரேடியோவால் அளப்பது: பூமியில் இருந்து கேட்பதா, இரண்டு கலங்களைப் பேசவிடுவதா?

விண்கலத் திட்டப் போட்டிகளுக்கு வரைவு எழுதும் பொறியியல் மாணவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். செவ்வாயைச் சுற்றப் போகும் சின்ன ஆர்பிட்டர் ஒன்று காகிதத்தில் தயாராக இருக்கிறது. கூடுதல் கருவிக்கு எடையும் இல்லை, மின்சாரமும் இல்லை, பணமும் இல்லை. வளிமண்டலத்தைப் பற்றி ஏதாவது உருப்படியான அறிவியல் செய்தாக வேண்டும். உடனே ரேடியோ மறைப்பு முறைக்கு வந்துவிடுகிறார்கள். தனிக் கருவி வேண்டாம், இருக்கிற ரேடியோவே போதும் என்பதால் அது நல்ல தேர்வுதான். சிக்கல் அதற்கப்புறம் தொடங்குகிறது: சிக்னலை யார் அனுப்புவது, யார் பிடிப்பது?

முறை எளிமையானது. ஒரு கலம் கோளின் பின்னால் மறையப் போகும் நேரத்தில் அதன் சிக்னல் வளிமண்டலத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் செருகிய குச்சி வளைந்து தெரிவதுபோல, அந்தக் கதிரும் மிக லேசாக வளைகிறது. வளைவு அதிர்வெண்ணில் ஒரு சிறு டாப்ளர் மாற்றமாக, அதாவது இயக்கத்தால் அதிர்வெண் லேசாக ஏறி இறங்குவதாகத் தெரியும். கலம் மேலும் மேலும் தாழ, கதிர் ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்கும். ஓரிரு நிமிடத்தில் உச்சி முதல் தரை வரை ஒரு செங்குத்து வரைபடம் கையில் கிடைத்துவிடும். கீழே வாயுவின் அடர்த்தி, அழுத்தம், வெப்பநிலை. மேலே, சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான் அடர்த்தி.

1965 ஜூலையில் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது இதைத்தான் செய்தது. அதுவரை தொலைநோக்கிக்காரர்கள் அங்கே தரை அழுத்தம் பல பத்து மில்லிபார் இருக்கும் என்று நம்பினார்கள். ஒரே ஒரு மறைப்பில் வந்த விடை 4 முதல் 7 மில்லிபார் வரை. பூமியில் 1013. பாராசூட்டை மட்டும் நம்பி இறங்கலாம் என்று போட்டிருந்த கணக்கெல்லாம் அன்றோடு போயிற்று.

இன்று முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, கலம் பூமிக்கு அனுப்பும் சிக்னலையே பயன்படுத்துவது. இரண்டு, செவ்வாயைச் சுற்றும் இரண்டு கலங்களை, தரையில் ஓடும் ரோவர்களோடு பேசுவதற்காக அவை வைத்திருக்கும் ரேடியோவால் ஒன்றோடொன்று பேசவைப்பது. மூன்று, இந்த வேலைக்கென்றே சின்னக் கலங்களின் கூட்டம் ஒன்றை அனுப்புவது. அகச்சிவப்புக் கருவி வைத்தும் வெப்பநிலையை அளக்கலாம். மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரில் உள்ள மார்ஸ் கிளைமேட் சவுண்டர் 2006 முதல் அதைச் செய்கிறது, தூசியையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் அது தனிக் கருவி. எடை இல்லாதவர்களுக்கான பேச்சு இது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

- எந்த உயரம்: தரையிலிருந்து 40 கிலோமீட்டர் வரையுள்ள வானிலையா, 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள அயனி மண்டலமா?
- எந்த நேரம், எந்த இடம்: அங்கே நண்பகலா, நள்ளிரவா, அந்திப் பொழுதா?
- எவ்வளவு துல்லியம்: டாப்ளர் மாற்றம் எத்தனை ஹெர்ட்ஸ், அதற்கு ரேடியோவின் அதிர்வெண்ணை உருவாக்கும் ஆசிலேட்டர் ஈடுகொடுக்குமா?
- எத்தனை அளவீடு: பத்து போதுமா, பத்தாயிரம் வேண்டுமா?
- மறைசெலவு: ஆன்டெனா நேரம், மற்றவர்களின் வேலை தடைபடுவது, தரவைக் கீழே அனுப்புவது.

இவற்றில் முதல் இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. வரைவுகளில் பெரும்பாலும் மூன்றாவதையும் நான்காவதையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும்.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்? வாயுவும் எலெக்ட்ரானும் ரேடியோ அலையை வெவ்வேறு விதமாக வளைக்கின்றன. வாயுவுக்கு அதிர்வெண் ஒரு பொருட்டே இல்லை. செவ்வாயின் தரையருகே கார்பன் டை ஆக்சைடு காற்றின் விலகல் எண், வெற்றிடத்தைவிடப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு கூடுதல். எந்த அதிர்வெண்ணிலும் அதுதான். எலெக்ட்ரான்கள் வளைப்பது எதிர்த்திசையில். அவற்றின் விளைவு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். ஒரு கன சென்டிமீட்டரில் 1 லட்சம் எலெக்ட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பகல் நேர அயனி மண்டலத்தின் உச்சத்தில் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். எக்ஸ் பேண்டில், அதாவது 8.4 கிகாஹெர்ட்ஸில், அதன் விளைவு பத்து லட்சத்தில் வெறும் 0.06. யு.எச்.எஃப்.பில், 400 மெகாஹெர்ட்ஸில், அதே எலெக்ட்ரான்கள் பத்து லட்சத்தில் 25 காட்டும். தரையிலுள்ள காற்றைவிட ஆறு மடங்கு!

இனி டாப்ளர். கலத்தின் வேகம் விநாடிக்கு 3 கிலோமீட்டர் என்று கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால், தரையருகே வாயுவின் வளைவு எக்ஸ் பேண்டில் 15 ஹெர்ட்ஸ் அளவுக்குத் தெரியும். யு.எச்.எஃப்.பில் ஒரு ஹெர்ட்ஸ் கூட வராது. அயனி மண்டலத்துக்கு இது தலைகீழ்: யு.எச்.எஃப்.பில் சில ஹெர்ட்ஸ், எக்ஸ் பேண்டில் ஹெர்ட்ஸின் ஒரு சிறு பகுதி. இந்த ஒரு கணக்கை முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## வழி 1: கலத்திலிருந்து பூமிக்கு

ஐம்பது ஆண்டுக்கு மேல் தேய்ந்து பழகிய பாதை. மரைனர் 9, வைக்கிங், மார்ஸ் குளோபல் சர்வேயர், மார்ஸ் எக்ஸ்பிரஸ், மேவன் எல்லாம் இதைச் செய்தவை. சர்வேயர் மட்டும் 1998 முதல் 2006 வரை 20,000-க்கு மேல் வாயு வரைபடங்கள் எடுத்துத் தந்தது. கீழ் வளிமண்டலத்துக்கு இன்னும் இதற்கு ஈடில்லை. எக்ஸ் பேண்ட் தரும் செங்குத்துத் தெளிவு அரை கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. பிடிக்கும் பக்கம் பூமியில் இருப்பதால் சிக்னலை முழுதாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்துப் புதுக் கணக்கு முறையோடு வந்து அதையே திரும்பவும் அலசலாம்.

ஆசிலேட்டர் விஷயத்தில் இரண்டு உபாயம் உண்டு. சர்வேயர்போல மிக நிலையான ஆசிலேட்டரைக் கலத்திலேயே வைப்பது ஒன்று. அல்லது மார்ஸ் எக்ஸ்பிரஸ்போல, பூமியிலிருந்து போன சிக்னலை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்வது. இரண்டாவதில் பணம் மிச்சம். ஆனால் கலம் கோளின் பின்னால் மறையும்போதுதான் அளக்க முடியும். மறுபக்கம் வெளியே வரும்போது பூமியின் சிக்னலை அது மீண்டும் தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்வதற்குள் முக்கியமான நிமிடம் கடந்து போயிருக்கும்.

இந்த வழியின் பெரிய ஓட்டை வடிவியலில் இருக்கிறது. செவ்வாயில் நின்று பார்த்தால் பூமி ஓர் உட்கோள். சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் அது விலகுவதே இல்லை. பூமியை நோக்கி வரும் கதிர் உரசுகிற இடமோ, பூமி இருக்கும் திசைக்குச் செங்குத்தாக 90 டிகிரியில் இருக்கும். ஆகவே அந்த இடத்தில் சூரியன் உச்சியிலிருந்து குறைந்தது 43 டிகிரி, கூடினால் 137 டிகிரி தள்ளி நிற்கும். சூரியன் உச்சிக்கு ஏறிய நண்பகலும் நடு நள்ளிரவும் இந்த வழிக்கு எப்போதுமே அகப்படாது. எத்தனை ஆயிரம் அளவீடு செய்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆன்டெனா வைத்தாலும் சரி. இன்னொரு வம்பும் கூடவே வருகிறது. கணக்கு முறை, கதிர் கடந்து வரும் பாதை நெடுக வளிமண்டலம் ஒரே சீராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பகலும் இரவும் சந்திக்கிற அந்தி எல்லையில் எலெக்ட்ரான் அடர்த்தி வேகமாக மாறுவதால் அந்த அனுமானம் மிக மோசமாகப் பிசகுவதும் அங்கேதான்.

மறைசெலவு: பெரிய ஆன்டெனாவில் நேரம். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். நம் பக்கம் பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனா, ஜப்பானின் அகாட்சுகி வெள்ளியின் பின்னால் மறைந்தபோது அதன் சிக்னலைப் பிடித்துத் தந்திருக்கிறது. கூட்டாளி கிடைத்தால் நாசாவை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி. மற்றபடி, வழியில் சூரியக் காற்றின் பிளாஸ்மா, நம் சொந்த அயனி மண்டலம், மழை மேகம் எல்லாம் சிக்னலில் கை வைக்கும். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும்போது சில வாரம் கடையை மூட வேண்டியதுதான்.

## வழி 2: இருக்கிற இரண்டு கலங்களுக்கு இடையே

எனக்கு அதிகம் பிடித்த வழி இது. அதனாலேயே கொஞ்சம் கடுமையாகப் பார்க்கிறேன்.

முதல் சோதனை 2007-இல் நடந்தது. நாசாவின் ஒடிசி 400 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்ப, மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் அதைப் பிடித்தது. முடியும் என்று அதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அது வாடிக்கையாகத் தொடரவில்லை. அடுத்து 2020 நவம்பர் 2. ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் அனுப்ப, ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டர் பிடித்தது. இதில் அனுப்பிய ரேடியோவின் பெயர் மெலகாம். 2003-இல் பீகிள் 2 என்ற தரையிறங்கியோடு பேசுவதற்காக வைத்தது. பீகிள் 2 இறங்கியது, ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினேழு ஆண்டு கழித்து அதே ரேடியோ, தன்னை வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு வேலையில் இறங்கியது.

லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆய்வாளர்கள் முன்னின்று 2024-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படி எடுத்த 83 அளவீடுகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 35 சதவீதம், பூமி வழியில் எட்டவே முடியாத இடங்களில் எடுத்தவை. 20,000-க்கும் 83-க்கும் என்ன ஒப்பீடு என்று கேட்கலாம். ஆனால் அந்த 20,000-இல் ஒன்று கூட நண்பகல் உச்சி வெயிலில் எடுத்தது இல்லை. உங்கள் கேள்வி நண்பகல் அயனி மண்டலத்தைப் பற்றியது என்றால் இந்தச் சில டஜன்தான் கணக்கில் வரும்.

இன்னொரு வசதி தூரம். இரண்டு கலங்களுக்கு நடுவே 5,000 கிலோமீட்டர், பூமிக்கு 20 கோடி கிலோமீட்டர் என்று வைத்தால், தூரம் 40,000 மடங்கு குறைகிறது. சிக்னலின் வலு தூரத்தின் வர்க்கத்தில் தேய்வதால் லாபம் 160 கோடி மடங்கு. அதனால்தான் கையகல ஆன்டெனாவை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடிகிறது. நடுவே சூரியக் காற்றும் இல்லை, பூமியின் மழையும் இல்லை.

சரி, இனி கசப்பான பக்கம்.

இந்த ரேடியோக்கள் எல்லாம் யு.எச்.எஃப். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: கீழ் வளிமண்டலத்தின் சாயல் ஒரு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. ரோவரிடம் தரவு வாங்கச் செய்த ரேடியோவில் ஆசிலேட்டர் சுமார் ரகமாகவே இருக்கும். ஆன் செய்த பிறகு சூடேறி நிலைகொள்ளும் வரை அதிர்வெண் நழுவும். அனுப்பும் பக்கம் ஒன்று, பிடிக்கும் பக்கம் ஒன்று என்று இரண்டும் தனித்தனியே நழுவும். கதிர் வளிமண்டலத்தைத் தொடுவதற்கு முன்னால் சில நிமிடம் பதிந்து, அந்த நழுவலை அளந்து கழிக்கலாம். அயனி மண்டலத்துக்கு இந்த வைத்தியம் போதும். தரையருகே வெப்பநிலையை ஓரிரு டிகிரிக்குள் சொல்ல இது போதாது. யு.எச்.எஃப். மறைப்பால் செவ்வாயின் வானிலையை முன்கணிப்போம் என்று வரைவில் எழுதினால், விவரம் தெரிந்த நடுவர் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார்.

மறைசெலவில் முதலாவது, வேறு ஒருவரின் நேரம். ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டர் கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் ரோவர்களின் தபால்காரரும் கூட. நமக்கு வேண்டிய பத்து நிமிடத்தில் ஒரு ரோவர் பேச வேண்டியிருந்தால் ரோவருக்குத்தான் முன்னுரிமை. இரண்டாவது, கலத்தைத் திருப்ப வேண்டும். ஆன்டெனா தரையைப் பார்க்கப் பொருத்தியது. கோளின் ஓரத்தில் இருக்கும் இன்னொரு கலத்தை அது பார்க்க வேண்டுமானால் கலமே புரள வேண்டும், அப்போது கேமராக்காரர்கள் சும்மா இருக்க வேண்டும். மூன்றாவது, பதிவு கலத்திலேயே நடப்பதால் அந்தத் தரவை எல்லாம் பூமிக்கு இறக்க வேண்டும். அதுவும் மற்றவர்களோடு பங்கு போடும் குழாய்தான்.

நான்காவது ஒன்றை யாரும் வரைவில் எழுதுவதில்லை. 2007 சோதனையில் இரண்டு கலமும் நாசாவுடையவை. 2020-இல் இரண்டையும் இயக்குவது ஐரோப்பிய விண்வெளி அமைப்பு. ஒரே வீட்டுக்குள் பேசி முடித்துக்கொண்ட காரியங்கள் இவை. உங்கள் கலம் வேறொரு நாட்டின் கலத்தோடு பேச வேண்டுமென்றால், ரேடியோ ஒத்துப்போவதற்கு முன்னால் அலுவலகங்கள் ஒத்துப்போக வேண்டும். அதற்குத் தனியாக இரண்டு வருடம் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

## வழி 3: இதற்கென்றே ஒரு கூட்டம்

பூமியில் இது நிரூபணமான விஷயம். 1995-இல் மைக்ரோலேப் 1 கலத்தில் போன ஜி.பி.எஸ்./மெட் சோதனை வழி காட்டியது. 2006-இல் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து ஆறு கலங்களோடு காஸ்மிக் திட்டத்தை அனுப்பின. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் வரைபடங்கள் வந்தன, வானிலை மையங்கள் அவற்றை வாங்கித் தினசரிக் கணிப்பில் சேர்த்துக்கொண்டன. ஆனால் அங்கே அனுப்பும் பக்கத்துக்கு யாரும் தனியாகக் காசு கொடுக்கவில்லை. ஜி.பி.எஸ். கலங்கள் ஏற்கெனவே மேலே இருந்தன. செவ்வாயில் ஜி.பி.எஸ். கிடையாது. அனுப்புபவரையும் பிடிப்பவரையும் நாமேதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கூட்டத்தின் பலம் ஜோடிக் கணக்கில் இருக்கிறது. இரண்டு கலத்துக்கு ஒரு ஜோடி, நான்குக்கு ஆறு, ஆறுக்குப் பதினைந்து. எக்ஸ் பேண்டும் யு.எச்.எஃப்.பும் சேர்த்து வைத்தால் தரைக் காற்றும் அயனி மண்டலமும் ஒரே வீச்சில் கிடைக்கும். எல்லா அட்சரேகையும், எல்லா நேரமும்.

இங்கே மாணவர்கள் விழும் ஒரு குழி உண்டு. இரண்டு கலத்தை ஒரே வட்டப் பாதையில் முன்னும் பின்னுமாக விடுவது பார்க்க அழகாக இருக்கும், எரிபொருளும் மிச்சம். ஆனால் அவற்றுக்கிடையே தூரம் மாறாது, ஆகவே கதிர் கோளைத் தொடும் உயரமும் மாறாது. மறைவதும் இல்லை, வெளிவருவதும் இல்லை, செங்குத்து வரைபடமும் இல்லை. பாதையின் உயரமோ தளமோ வேறாக இருந்தாக வேண்டும். அப்படிப் பிரித்து வைக்க எரிபொருள் தேவை, எரிபொருள் என்றால் எடை. சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறோம்.

2018-இல் இன்சைட் என்ற தரையிறங்கியோடு போன இரண்டு குட்டி மார்கோ கலங்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் 13.5 கிலோ, இரண்டுக்கும் சேர்த்துச் செலவு 1.85 கோடி டாலர். மார்கோ ஏ போகிற போக்கில் தன் சிக்னலைச் செவ்வாயின் வளிமண்டல ஓரம் வழியாகப் பூமிக்கு அனுப்பியும் பார்த்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவை செவ்வாயில் நிற்கவில்லை, கடந்து போய்விட்டன. 2019 ஜனவரிக்குப் பிறகு இரண்டிடமிருந்தும் சத்தமில்லை. சுற்றுப்பாதையில் நிற்க வேண்டிய கலத்துக்குப் பிரேக் போட எஞ்சின் வேண்டும். அதற்கப்புறம் அது மார்கோ விலைக்கு வராது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பூமிக்கு | இருக்கிற இரு கலங்கள் | தனிக் கூட்டம் |
|---|---|---|---|
| கீழ் வளிமண்டலம் | மிக நன்று | பலவீனம் | எக்ஸ் பேண்ட் வைத்தால் நன்று |
| அயனி மண்டலம் | நன்று, இரு அலைவரிசை இருந்தால் இன்னும் நன்று | மிக நன்று | மிக நன்று |
| நண்பகல், நள்ளிரவு | முடியாது | முடியும் | முடியும் |
| அளவீடுகள் | வருடக்கணக்கில் ஆயிரங்கள் | டஜன், நூறு | ஜோடியைப் பொறுத்துப் பெருகும் |
| புது வன்பொருள் | நல்ல ஆசிலேட்டர் இருந்தால் போதும் | அனேகமாக இல்லை | எல்லாமே |
| ஒளிந்திருக்கும் செலவு | பெரிய ஆன்டெனா நேரம் | மற்றவர்களின் நேரம், ஒப்பந்தம் | எரிபொருள், ஆயுள் |

## யாருக்கு எது

தரைக்காற்றின் வெப்பநிலை, துருவத்தில் கார்பன் டை ஆக்சைடு உறையும் காலத்து அழுத்தம், தூசிப் புயல் வந்தால் கீழடுக்கு எப்படிச் சூடாகிறது: இவைதான் கேள்வி என்றால் பூமி வழிதான். ஆசை காட்டும் வேறு எதையும் பார்க்காதீர்கள். இருக்கிற பணத்தை நல்ல ஆசிலேட்டரில் போடுங்கள். மறைவு, வெளிவரவு இரண்டையும் பிடிக்கலாம், அளவீடு இரட்டிப்பாகும்.

சூரியச் சீற்றம் ஒன்று வந்தடித்த அன்று நண்பகலில் அயனி மண்டலம் எப்படி வீங்குகிறது, இரவில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது கேள்வியானால் இரண்டாவது வழி. அதிலும் உங்கள் கலம் புதிதாகப் போகிறது என்றால் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது: யு.எச்.எஃப். ரேடியோவில் சிக்னலை அப்படியே பச்சையாகப் பதியும் வசதியை வடிவமைப்பின்போதே சேர்த்துவிடலாம். பறந்துகொண்டிருக்கும் பழைய கலங்களில் இதற்கு மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டும். உங்களுக்கு அது ஒரு வரித் தேவை.

தினமும் முழுக் கோளின் வானிலை வேண்டும், மனிதர்களை இறக்கப் போகிறோம் என்பவர்களுக்கு மூன்றாவது. அது ஒரு கல்லூரிக் குழுவின் திட்டமல்ல, ஒரு நாட்டின் திட்டம். வரைவில் அதை எதிர்காலம் என்ற பத்தியில் நான்கு வரி எழுதி நகர்ந்துவிடலாம்.

ஒரே கலம்தான், இரண்டு கேள்வியும் வேண்டும் என்பவர்களுக்கு: முதல் வழியை அடிப்படைத் திட்டமாக எழுதுங்கள், இரண்டாவதைக் கூடுதல் வாய்ப்பாக வையுங்கள். மற்றக் கலத்துக்காரர் மறுத்துவிட்டாலும் உங்கள் அறிவியல் பிழைக்கும்.

இரண்டாவது வழி என்று முடிவுசெய்வதற்கு முன்னால் ஒரு வேலை. கலமும் கோளும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிட நாசா இலவசமாகத் தரும் ஸ்பைஸ் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். மார்ஸ் எக்ஸ்பிரஸ், ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டர் இரண்டின் சுற்றுப்பாதைக் கோப்புகளையும் ஐரோப்பிய விண்வெளி அமைப்பு பொதுவில் வைத்திருக்கிறது. உங்கள் கலத்தின் உத்தேசப் பாதையையும் சேர்த்து, ஒரு செவ்வாய் ஆண்டில் எத்தனை மறைப்பு வருகிறது என்று பைத்தானில் எண்ணுங்கள். அதில் சூரியன் உச்சியிலிருந்து 40 டிகிரிக்குள் இருப்பவற்றை மட்டும் பிரியுங்கள். ரோவர் வேலைக்கும் கலம் புரள முடியாத நேரத்துக்கும் என்று அதில் பெரும்பகுதியைக் கழியுங்கள். மிச்சம் ஐம்பதுக்கு மேல் வந்தால் எழுதத் தொடங்கலாம். ஐந்து, ஆறு என்று வந்தால் பாதையின் சாய்வை மாற்றி மறுபடி எண்ணிப் பாருங்கள்.